பர்ஸை கேமரா எடுக்கட்டும், மேசையை ஏஐ வரையட்டும்

கையால் தைத்த ஒரு லெதர் பர்ஸின் படத்தை ஏஐயிடம் கொடுத்து, மரமேசை மேல் காலை வெயிலில் வைத்துத் தா என்று கேட்டால் அரை நிமிடத்தில் படம் வந்துவிடும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதை முழு அளவுக்குப் பெரிதாக்கி ஓரத் தையலை எண்ணிப் பாருங்கள். அங்குலத்துக்கு ஆறு தையல் போட்ட பர்ஸ் அங்கே எட்டோ ஒன்பதோ தையலோடு இருக்கும். கைத்தையலில் ஒவ்வொரு தையலும் லேசாகச் சாய்ந்து நிற்கும்; படத்தில் அந்தச் சாய்வு போய் எல்லாம் நேர்கோட்டில் மெஷின் தையலாகியிருக்கும். மூலையில் நூல் திரும்பும் இடத்தில் இரண்டு தையல் உருகி ஒட்டியிருக்கும். எருமைத் தோலின் பருத்த கிரெயின், அதாவது தோல்மேல் இயற்கையாக ஓடும் வரிகள், மறைந்து, கன்றுத் தோல் போல வழவழப்பாகியிருக்கும்.

வாங்குபவர் அந்தப் படத்தை நம்பித்தான் பணம் கட்டுகிறார். பார்சலைப் பிரித்தால் கையில் வருவது வேறு பர்ஸ்.

மும்பையில் இணையத்தில் விற்கும் தமிழர்களிடம் இருக்கும் சரக்கு பலவகை. தாராவியில் தைக்கும் பர்ஸ், பெல்ட், கைப்பை. வீட்டில் சுட்டு பாக்கெட் போடும் முறுக்கு, அதிரசம். மாட்டுங்கா பக்கம் விற்கும் பட்டுப்புடவை, குத்துவிளக்கு. தாராவியின் குயவர் பகுதியான கும்பர்வாடாவில் மொத்தமாக எடுத்து தீபாவளிக்கு விற்கும் அகல். இவர்கள் எல்லோருக்கும் இப்போது ஒரே கேள்வி: கேமரா வைத்துப் படமெடுக்கும் ஷூட்டுக்குச் செலவழிப்பதா, ஏஐயிலேயே முடித்துவிடலாமா? பதில் சரக்குக்குச் சரக்கு மாறும், படத்துக்குப் படம் மாறும். மாறாத கோடு ஒன்று உண்டு. விற்கிற பொருளின் மேல் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் கேமராவிலிருந்து வர வேண்டும். சுற்றி இருப்பதை ஏஐ வரையலாம்.

எந்த வேலையை ஏஐ செய்கிறது என்று பிரித்துப் பாருங்கள்

ஏஐ படம் என்று பொதுவாகச் சொன்னாலும் அதற்குள் வெவ்வேறு வேலைகள் கலந்து கிடக்கின்றன. சொற்களை மட்டும் கொடுத்துப் படம் வாங்குவது ஒன்று. அப்படி வரும் பர்ஸ் உலகத்தில் எங்கும் இல்லாத பர்ஸ். அதை விற்பனைப் பக்கத்தில் போடவே கூடாது. நம் படத்தைக் கொடுத்து, அதே பொருளை வேறு கோணத்தில், வேறு வெளிச்சத்தில் காட்டச் சொல்வது இன்னொன்று. ஆபத்து அதிகம் இதில்தான். பொருள் நம்முடையது போலவே தெரிவதால் கண் ஏமாறும். உண்மையில் அது முழுப் படத்தையும் புதிதாக வரைகிறது. ஜிப்பின் ரன்னர் வடிவம் மாறும், பக்கிளின் முள் இரண்டாகும், கார்டு வைக்கும் அறை ஆறு இருந்த இடத்தில் ஐந்தாகும்.

மூன்றாவது, பொருளை வெட்டியெடுத்து வைத்துக்கொண்டு பின்னணியை மட்டும் உருவாக்கச் சொல்வது. நான்காவது, சின்னச் சின்ன பழுது: மேசைவிரிப்பின் சுருக்கத்தை நீக்குவது, சதுரப் படத்தின் மேலும் கீழும் வெற்றிடத்தை நீட்டி இன்ஸ்டாகிராம் ஸ்டோரி அளவுக்குக் கொண்டுவருவது. இந்தக் கடைசி இரண்டும் நம்பிச் செய்யக்கூடியவை.

பெரிய கம்பெனிகளின் கணக்கைக் காட்டி ஷூட்டே தேவையில்லை என்பவர்கள் உண்டு. ஐரோப்பாவில் இணையத்தில் உடை விற்கும் ஸலாண்டோ நிறுவனம், ஏஐயால் படத் தயாரிப்பு 6 முதல் 8 வாரத்திலிருந்து 3, 4 நாளாகக் குறைந்தது, செலவு 90 சதவீதம் இறங்கியது என்று 2025-இல் சொன்னது. ஃபேஷன் போக்குகளைத் துரத்தும் விளம்பரப் படங்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தும். இருபது பர்ஸும் எட்டு பெல்ட்டும் விற்பவரின் கேட்லாக்குக்கு அதை அப்படியே எடுத்து ஒட்ட முடியாது.

முறுக்கு பாக்கெட்

தமிழ் லேபிள் ஒட்டிய எந்தப் பொருளையும் முழுப்படமாக ஏஐ வழியே விடாதீர்கள். ஆங்கில எழுத்தை இப்போதைய கருவிகள் ஓரளவு சரியாக எழுதுகின்றன, தமிழில் தவறு வர வாய்ப்பு அதிகம். 'முறுக்கு' என்ற சொல்லில் க்-இன் புள்ளி பக்கத்து எழுத்துக்கு நகர்ந்துவிடலாம். 'று'-வின் அடிச்சுழி அறுந்துபோகலாம். தூரத்தில் தமிழ் போலத் தெரிவது, கிட்டே போனால் எந்த எழுத்தாகவும் இல்லாமல் போகலாம். தமிழ் வாசிக்கத் தெரியாத வடிவமைப்பாளர் கையில் வேலை இருந்தால் இது கண்ணிலேயே படாது.

எழுத்தைவிடப் பெரிய சிக்கல் எண்கள். உணவு உரிம எண் 14 இலக்கம். நடுவில் ஓர் இலக்கம் மாறினால் அது உங்கள் எண்ணே இல்லை. 250 கிராம் 200 கிராம் ஆகலாம். சைவக் குறியான பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் வெறும் பச்சைப் புள்ளியாகிவிடலாம். நிகர எடையும் அதிகபட்ச விலையும் சட்டப்படி பாக்கெட்டில் சொல்ல வேண்டியவை. படத்தில் ஒன்று, பாக்கெட்டில் ஒன்று என்று இருக்கக் கூடாது.

பாக்கெட்டுக்குள் இருக்கும் பண்டமும் அப்படித்தான். கைமுறுக்கில் மாவுக் கயிறு முறுக்கேறி இருக்கும், அச்சில் பிழிந்த முறுக்கில் நீளவாக்கில் வரி ஓடும். ஏஐக்கு இரண்டும் ஒன்று. பல நேரம் ஜிலேபியைப் பழுப்பாக்கியது போல ஒன்றைத் தரும். ஏழு சுற்றுக் கைமுறுக்கு என்று விற்பவர் படத்தில் நான்கு சுற்று இருந்தால், வாங்குபவர் எதை நம்புவார்? முறுக்கைப் படமெடுப்பது ஒன்றும் கடினமில்லை. ஒரு தட்டு, பக்கவாட்டு ஜன்னல் வெளிச்சம், எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டை. சுட்ட அன்றே எடுக்க வேண்டும். மறுநாள் மும்பைக் காற்றின் ஈரத்தில் மேல்பளபளப்பு இறங்கிவிடும். எண்ணெய் மின்னுவது வேண்டாம் என்றால் எடுக்கும் முன் பத்து நிமிடம் காகிதத்தில் வைத்து எடுங்கள்.

பட்டுப்புடவையும் ஏஐ மாடலும்

புடவையில் ஏஐ மாடல் மேல் எல்லோருக்கும் ஆசை. மாடல், மேக்கப், இடம் என்று மூன்று செலவும் மிச்சம். ஆனால் மயில்கழுத்து நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். ஆள் அசைய அசைய நீலமும் பச்சையும் மாறிமாறித் தெரியும். ஏஐ அதை ஒரே நிறமாகத் தட்டையாக்கிவிடும், அல்லது இரண்டையும் சேர்த்துப் புதிதாக ஒரு நீலத்தைக் கண்டுபிடிக்கும். கரையில் கோபுரம் கோபுரமாக இருந்த ஜரிகை, கொசுவத்துக்குள் போய் வெளியே வரும்போது கோடாகிவிடும். உடலையும் கரையையும் தனி நூலில் நெய்து கோக்கும் கோர்வைக் கரையில், இரண்டும் சேரும் இடம்தான் நெய்தவரின் திறமை தெரியும் இடம். ஏஐ வரைந்த படத்தில் அந்த இணைப்பு கரைந்து போயிருக்கும். முந்தானை வலத்தோளில் விழுந்த படங்களும் வரும். படத்தைத் திருப்பிப் போட்டுச் சரிசெய்தால் முந்தானை வேலைப்பாடும் சேர்ந்து திரும்பிவிடும்.

புடவைக்குக் குறைந்தபட்சம் ஐந்து நிஜப் படங்கள் வேண்டும். மடித்து வைத்த முழுப்புடவை, விரித்த முந்தானை, கரை நெருக்கத்தில், ஒரே இடத்தை இரண்டு கோணத்தில் எடுத்த இரண்டு படம். இந்தக் கடைசி இரண்டில்தான் இரட்டை நிறம் தெரியும். அதற்கு மேல் வசதியிருந்தால் கட்டிய படம். வீட்டில் இருப்பவர் கட்டி நின்று, கழுத்துக்குக் கீழே எடுத்தாலே போதும். கொசுவம் விழும் விதம் உண்மையாக இருக்கும்.

கைப்பையைத் தோளில் மாட்டிய ஏஐ மாடலில் வேறு வகைக் கோளாறு: அளவு. 9 அங்குலப் பை 13 அங்குலம் போலத் தெரியும். சரிபார்க்க எளிய வழி உண்டு. ஒரு பெண்ணின் தலை உச்சியிலிருந்து தாடை வரை ஏறக்குறைய 8 முதல் 9 அங்குலம். படத்தில் தலையையும் பையையும் ஸ்கேலால் அளங்கள். பை தலையைவிட ஒன்றரை மடங்கு இருந்தால் அந்தப் படத்தைத் தூக்கிப் போடுங்கள். "நினைத்ததைவிடச் சின்னதாக இருக்கிறது" என்று பார்சல்கள் திரும்பி வருவதைக் குறைக்க இந்த ஒரு சோதனை உதவும்.

நிஜ ஷூட் எப்படி, எங்கே தவறுகிறது

ஷூட் என்றவுடன் ஸ்டுடியோ வாடகையை நினைத்துப் பயப்பட வேண்டாம். பர்ஸ், பெல்ட், டப்பா, விளக்கு ஆகியவற்றுக்கு 6 அடிக்கு 5 அடி இடம் போதும். 60 வாட் எல்இடி விளக்கு ஒன்று, அதன் நிறத்துல்லியக் குறியீடான சிஆர்ஐ 95-க்கு மேல், நிறம் பகல் வெளிச்சத்தை ஒத்த 5600 கெல்வின். 2 அடிக்கு 3 அடி மரச்சட்டத்தில் இழுத்து ஒட்டிய டிரேசிங் பேப்பர். இரண்டு வெள்ளை ஃபோம் போர்டு, இரண்டு கறுப்பு சார்ட், ஒரு சாம்பல் அட்டை, ஆடாத ட்ரைபாட். கேமரா சாமான்களுக்கு ஃபோர்ட் பக்கம் போரா பஜார், விளக்கு, ஒயர், ஹோல்டருக்கு லோஹார் சால், காகிதம், அட்டைக்கு அப்துல் ரஹ்மான் தெரு. மூன்றையும் ஒரே நாளில் நடந்தே முடிக்கலாம்.

விளக்கைப் பொருளின் பின்பக்க இடது ஓரத்தில், கடிகாரத்தில் பத்து மணி திசையில் வையுங்கள். விளக்குக்கும் பொருளுக்கும் நடுவில் டிரேசிங் பேப்பர் சட்டம், பொருளிலிருந்து ஒன்றரை அடி தள்ளி. வலதுபக்கம் வெள்ளை போர்டு. தோலின் கிரெயின் எழுந்து தெரிய வேண்டுமானால் வெளிச்சம் சாய்ந்து படவேண்டும்; முன்னாலிருந்து நேராக அடித்தால் கிரெயின் செத்துவிடும். கறுப்புப் பர்ஸின் ஓரம் பின்னணியில் கரைகிறதா? ஓரத்துக்கு அருகே, படத்தில் விழாதபடி வெள்ளை அட்டைத் துண்டை நிறுத்துங்கள். விளிம்பில் மெல்லிய வெளிச்சக்கோடு வரும். பித்தளை விளக்குக்குத் தலைகீழ்: சுற்றிலும் வெள்ளை அடைத்துவிட்டு, ஒரே ஒரு கறுப்புப் பட்டையைப் பிரதிபலிக்க விட்டால்தான் உலோகம் உலோகமாகத் தெரியும்.

அறை டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு வகை வெளிச்சம் கலந்தால் ஒரு பக்கம் பச்சையடிக்கும், பிறகு எந்த மென்பொருளாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்இடி நொடிக்கு நூறு முறை துடிக்கும். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/50 அல்லது 1/100 நொடியாக வைத்தால் படத்தில் பட்டை விழாது. கேமராவில் லென்ஸ் திறப்பு எஃப்/8 முதல் எஃப்/11, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100, இரண்டு நொடி டைமர். போனில் எடுப்பவர்கள் மூன்றடி தள்ளி நின்று 2 மடங்கு அல்லது 3 மடங்கு லென்ஸில் எடுங்கள். கிட்டே போய் அகல லென்ஸில் எடுத்தால் பர்ஸின் முன்மூலை வீங்கித் தெரியும். ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிட்டு, முதல் படத்தில் சாம்பல் அட்டையைச் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். நிறத்தை அதை வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும், கண் மதிப்பில் அல்ல.

வெள்ளைப் பின்னணி வேண்டுமானால் பொருளைப் பின்னணியிலிருந்து இரண்டு மூன்று அடி முன்னால் வைத்து, பின்னணிக்குத் தனியாக ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு, வெளிச்சம் கொடுங்கள். அதற்கு மேல் கூட்டினால் பின்வெளிச்சம் சுற்றி வந்து பொருளின் ஓரத்தைத் தின்றுவிடும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் ஜன்னல் வெளிச்சத்தை நம்ப முடியாது. பத்து நிமிடத்துக்கு ஒரு நிறம். அந்த மாதங்களில் அடுக்கி வைத்த தோலில் வெள்ளைப் புள்ளியாகப் பூஞ்சை ஏறியிருக்கும். எடுக்கும் முன் காய்ந்த மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, ரப்பர் ஊதியால் தூசி ஊதுங்கள். பாலிஷ் மட்டும் போடாதீர்கள். வாங்குபவருக்குப் போகும் பர்ஸில் அந்தப் பாலிஷ் இருக்காது.

இந்த இடத்தில் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கேமராவும் பொய் சொல்லும். பைக்குள் காகிதம் திணித்துப் பெருக்க வைத்து எடுப்பது, நூறு பர்ஸில் நன்றாக வந்த ஒன்றைப் பொறுக்கி எடுப்பது, பழைய சாயத்தொகுதியின் படத்தை இரண்டு வருடம் வைத்து ஓட்டுவது, கீறலையெல்லாம் துடைத்துத் தோலை பிளாஸ்டிக் ஆக்குவது. இவை ஏஐ வருவதற்கு முன்பே இருந்த பழக்கம். ஷூட்டுக்கு எடுக்கும் பொருள் குவியலின் நடுவிலிருந்து வர வேண்டும்.

இரண்டையும் சேர்க்கும் முறை

வெள்ளைப் பின்னணிப் படம் மட்டும் போட்டால் கடை ஆஸ்பத்திரி போல இருக்கும். விற்பனைக்குச் சூழல் படமும் வேண்டும். ஏஐக்கு உண்மையான வேலை இங்கேதான்.

முதலில் எந்தச் சூழல் என்று தீர்மானியுங்கள், பிறகு அதற்கேற்பப் பொருளை எடுங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மேலிருந்து எடுத்த பர்ஸை, கண்மட்டத்தில் இருக்கும் மேசை மேல் ஒட்டினால் அது மிதக்கத்தான் செய்யும். மேசை மேல் கிடக்கும் காட்சி என்றால் கேமராவை 30 பாகை மேலிருந்து சாய்த்து, வெளிச்சத்தை இடப்பக்கம் வைத்து, வெளிர்சாம்பல் காகிதத்தின் மேல் எடுங்கள். சுத்த வெள்ளைக் காகிதத்தில் எடுத்தால் அதன் வெண்மை பொருளின் அடிப்பகுதியில் ஏறிவிடும், மரமேசையில் வைக்கும்போது அது காட்டிக்கொடுக்கும்.

அடுத்து ஏஐயிடம் வெற்றுக் காட்சியை மட்டும் கேளுங்கள். பொருளைக் கொடுக்கவே வேண்டாம். கேட்கும்போது நான்கு விஷயம் சொல்ல வேண்டும்: மேசையின் பொருள், கேமரா உயரமும் சாய்வும், வெளிச்சம் வரும் திசை, நடுவில் வெற்றிடம். ஆங்கிலத்தில் கேட்டால் விடை சீராக வருகிறது. நான்கைந்து முறை கேட்டுத் தேர்ந்தெடுங்கள். தமிழ்நாட்டுச் சூழல் கேட்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். வாழை இலையின் நுனி சாப்பிடுபவருக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். ஏஐ அதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. புள்ளிக்கோலத்தில் புள்ளி ஒரு பக்கம், கோடு ஒரு பக்கம் போகும், சுற்றிவந்த கோடு மூடாமல் நிற்கும். பொங்கல் பதிவுக்குக் கோலம் வேண்டுமானால் வாசலில் போட்ட கோலத்தையே போனில் எடுத்துப் பின்னணியாக வைத்துவிடுங்கள். நம் மக்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பிறகு வெட்டு. தானாகப் பின்னணி நீக்கும் கருவிகள் முக்கால்வாசி வேலையைச் சரியாகச் செய்யும். தோல் விளிம்பு, வெளியே நீட்டிய நூல், வளையத்தின் உள்வெளி ஆகியவற்றை, மென்பொருளில் ஓரத்தைக் கோடு வரைந்து வெட்ட உதவும் பென் டூலால், கையாலேயே வெட்டுங்கள். ஓரத்தை ஒரு பிக்சல் உள்ளே இழுத்து, அரை பிக்சல் மென்மையாக்கினால் பழைய பின்னணியின் கோடு தெரியாது. அதைக் காட்சியின் மேல் தனி அடுக்காக, அதாவது லேயராக, வையுங்கள்.

நிழல் இரண்டு வகை. பொருள் மேசையைத் தொடும் இடத்தில் மிக ஒடுக்கமான கருநிழல்; அதைத் தாண்டி விளக்குக்கு எதிர்த்திசையில் விரியும் மங்கல் நிழல். முதலாவதை விட்டுவிடுவதால்தான் பல படங்கள் ஒட்டுப்போட்டது போல இருக்கின்றன. இரண்டையும், கீழே இருப்பதைக் கருமையாக்கும் மல்டிப்ளை முறையில் வைத்த லேயரில், பின்னணி நிறத்தின் கரும்சாயலில் போடுங்கள். சுத்தக் கறுப்பில் போடாதீர்கள். கடைசியாக, ஏஐ பின்னணியில் மணல் தூவியது போன்ற நுண்புள்ளி பெரும்பாலும் இருக்காது, கேமரா படத்தில் இருக்கும். பின்னணிக்கு மட்டும் கொஞ்சம் புள்ளி சேர்த்தால் இரண்டும் ஒன்றும்.

முழுவதையும் ஏஐயே சேர்த்துத் தந்த படமானால், வெளியிடும் முன் ஒரு சோதனை கட்டாயம். மூலப்படத்தை அதன் மேல் அளவு பொருத்தி வைத்து, லேயரின் கலவை முறையை டிஃபரன்ஸ் என்று மாற்றுங்கள். ஃபோட்டோஷாப்பிலும், இலவசமான ஜிம்ப்பிலும், ஃபோட்டோபீயிலும் இந்த வசதி உண்டு. பொருள் மாறாத இடம் கறுப்பாக இருக்கும். தையலோ, ரன்னரோ, லோகோவோ வெளிச்சக்கோடாக ஒளிர்ந்தால் அங்கே ஏஐ கை வைத்திருக்கிறது. பொருள் முழுவதும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் வடிவம் சரி, நிறம் மாறிவிட்டது என்று பொருள். டான் எனப்படும் வெளிர்பழுப்புப் பர்ஸ் மாலை வெயில் காட்சியில் பிரௌன் ஆவது இப்படித்தான். அதற்கு அப்புறமும் ஒரு கண் வேண்டும்: அந்தப் பொருளைத் தைத்தவரிடம் படத்தைக் காட்டுங்கள். எந்தத் தையல் எங்கே முடியும் என்று அவர் கைக்குத் தெரியும். ஐந்து விநாடியில் சொல்லிவிடுவார்.

ஒரு பர்ஸை எடுத்து, மற்ற ஐந்து நிறங்களை ஏஐயில் மாற்றிவிடலாம் என்ற யோசனை எல்லோருக்கும் வரும். செய்யாதீர்கள். தோல் நிறம் மாறும்போது நூல், ஓரப் பெயின்ட், லைனிங் எல்லாம் சேர்ந்து மாறும், சில மாறாமல் இருக்கும். ஏஐக்கு அது தெரியாது. விளக்கும் ட்ரைபாடும் அசையாமல் இருந்தால் அடுத்த நிறத்தை எடுக்க மூன்று நிமிடம்தான் ஆகும்.

நேரமும் பணமும்

40 பர்ஸ், ஒன்றுக்கு 6 படம் என்று வைத்துக்கொள்வோம், 240 படம். ஏஐயில் ஒரு படம் தேறுவதற்கு நான்கைந்து முயற்சி, பிறகு சரிபார்ப்பு, ஆக 12 நிமிடம் என்றாலும் 48 மணி நேரம். கேமராவில் பர்ஸுக்கு 12 நிமிடம் என்றால் 8 மணி, விளக்கு அமைக்க ஒரு மணி, படத்துக்கு 3 நிமிடம் திருத்தம் என்றால் 12 மணி. மொத்தம் 21. ஏஐ வேகமானது என்ற பேச்சு ஒரு படத்துக்கு உண்மை, சரிபார்ப்பைச் சேர்த்த கேட்லாக்குக்கு உண்மையில்லை. சூழல் படத்தில் கணக்கு திரும்பிவிடும். பர்ஸுக்கு ஒரு சூழல் படம், சொன்ன முறையில் 15 நிமிடம் என்றால் நாற்பதுக்கும் 10 மணி. நிஜ மேசை, செடி, கண்ணாடி, புத்தகம் என்று அடுக்கி எடுத்தால் ஒன்றுக்கு அரை மணிக்குக் குறையாது, சாமான் வாங்கும் செலவு தனி.

ரிட்டர்னையும் இந்தக் கணக்கில் சேருங்கள். மாதம் 200 ஆர்டரில் 12 திரும்பி வந்த இடத்தில், படத்தால் 18 ஆனது என்று வையுங்கள். போக, வரக் கூரியரும் மறுபேக்கிங்கும் சேர்த்து 150 ரூபாய் என்றால் 900 ரூபாய் நேரடி நஷ்டம். போன விற்பனையும், "படத்தில் இருப்பது வேறு" என்ற விமர்சனமும் இதில் சேரவில்லை. அந்த விமர்சனம் வருடக்கணக்கில் பக்கத்திலேயே நிற்கும்.

விதிகள்

அமேசானில் முதன்மைப் படத்துக்குப் பின்னணி சுத்த வெள்ளை, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று வண்ண எண்ணும் 255. பொருள் சட்டத்தில் 85 சதவீதம் நிறைய வேண்டும், எழுத்தோ லோகோவோ மேலே ஒட்டக் கூடாது, பெரிதாக்கிப் பார்க்க நீண்ட பக்கம் 1000 பிக்சலாவது வேண்டும். ஐபோன் படங்கள் பி3 என்ற அகன்ற வண்ண அமைப்பில் இருக்கும். ஏற்றும் முன் இணையத்தின் பொது வண்ண அமைப்பான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றாவிட்டால் சிவப்பும் ஆரஞ்சும் சில திரைகளில் மங்கும்.

கூகுளில் பொருளைப் பட்டியலிடும் மெர்ச்சன்ட் சென்டரில் ஏஐ உருவாக்கிய படம் போட்டால், கோப்புக்குள் அதைச் சொல்லும் மெட்டாடேட்டா குறிப்பை நீக்கக் கூடாது என்பது விதி. இதை மீறுபவர்களில் பலர் தெரியாமல்தான் மீறுகிறார்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினாலோ ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாலோ அந்தக் குறிப்பு போய்விடும், தரமும் இறங்கும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

நம் நாட்டுச் சட்டமும் தெளிவு. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள்படி, விளம்பரம் பொருளின் உண்மைத் தன்மையோடு ஒத்துப்போக வேண்டும். விளம்பரத்தில் காட்டிய தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்க முடியாது. ஏஐ வரைந்தது, நான் என்ன செய்வேன் என்று சொல்ல அதில் இடமில்லை. சூழல் படத்தின் கீழ் "பின்னணி கணினியில் உருவாக்கியது, பொருள் நிஜப் படம்" என்று ஒரு வரி எழுதுங்கள்.

எந்தப் படம் விற்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஒரே பொருளுக்கு, அதே விலையில், இரண்டு வாரம் ஒரு படத்தொகுப்பு, அடுத்த இரண்டு வாரம் இன்னொன்று என்று மாற்றிப் பாருங்கள். தீபாவளி, பொங்கல் வாரங்களில் இந்தச் சோதனை வேண்டாம். கூட்டமே கணக்கைக் கெடுத்துவிடும். க்ளிக், ஆர்டர், ரிட்டர்ன், ரிட்டர்னுக்குச் சொன்ன காரணம், நான்கையும் தனித்தனியாக எழுதி வையுங்கள். அழகான சூழல் படம் க்ளிக்கைக் கூட்டும். தையலையும் உள்ளறையையும் காட்டும் நிஜ நெருக்கப் படம் ரிட்டர்னைக் குறைக்கும்.

படமெடுத்த ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒரு பர்ஸைத் துணிப்பையில் போட்டு, தேதி எழுதி அலமாரியில் வையுங்கள். மழைக்காலத்தில் பையோடு ஒரு சிலிக்கா பொட்டலம். புதுத் தோல் வந்து முதல் பர்ஸ் தைத்ததும், பகல் வெளிச்சத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறமோ கிரெயினோ கண்ணுக்குத் தெரியும்படி மாறியிருந்தால், அந்தச் சரக்கை அனுப்பத் தொடங்கும் முன் அன்றைக்கே புதுப் படம் எடுத்து மாற்றிவிடுங்கள்.